மூக்கு சொன்ன சாட்சி

விருத்தாசலம் வட்டத்திலே, கம்மாபுரத்துச் சாலையிலே, கரும்பு ஏற்றிய லாரி வருகிறது. காவலர் கை காட்டுகிறார், வண்டி நிற்கிறது. கருவி நீட்டப்படுகிறது. "ஊது!" என்று ஆணை பிறக்கிறது. ஓட்டுநர் ஊதுகிறார். கருவி ஓர் எண்ணைக் காட்டுகிறது. அந்த எண் அவரை வீட்டுக்கு அனுப்பும், அல்லது வழக்கு மன்றத்துக்கு அனுப்பும். இதிலே வாதாட என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. இருக்கிறது, தோழர்களே, நிறைய இருக்கிறது. அந்த எண் பிறப்பதற்கு முன்னாலே எது சாட்சி சொல்லிற்று? மூக்கு சொல்லிற்று! அதற்கும் முன்னாலே? வாயிலிட்ட அரிசி சொல்லிற்று!

நகையாடுவதற்காகச் சொல்லவில்லை. பழைய தரும நூல்கள் குற்றம் காண வகுத்த சோதனைகளுள் அரிசிச் சோதனையும் ஒன்று. ஐயத்துக்கு ஆளானவன் அரிசியை மென்று துப்ப வேண்டும். உமிழ்நீரிலே இரத்தம் தெரிந்தால் அவன் கள்வன். அச்சத்தால் வாய் வறண்டவன், மெல்ல முடியாமல் ஈறு கிழிந்தவன், எல்லோருமே கள்வர்கள்! சுசீந்திரத்துக் கோயிலிலே கொதிக்கும் நெய்யில் கையை முக்கச் செய்து உண்மை கண்டார்கள். அந்தக் கொடுமை திருவிதாங்கூரிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஒழிந்தது. உடலைச் சோதித்து உள்ளத்தை அறிகிறோம் என்று சொன்ன இந்த முறைகளில் எல்லாம் ஒரு குறை இருந்தது. சோதனைக்கும் குற்றத்துக்கும் என்ன தொடர்பு என்று எவரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை நம் நாட்டு மன்றமொன்று ஓட்டுநர் ஒருவர் பொருட்டுக் கேட்க நேர்ந்தது பம்பாயிலே. 1951 மே 29, இரவு ஒன்பதரை மணி. கொலாபாப் பேருந்து நிலையம் நோக்கி வந்த ஜீப் ஒன்று மூவரை இடித்துத் தள்ளிற்று. ஓட்டியவர் யார்? லாரிக்காரனா, வாடகை வண்டிக்காரனா? அல்ல! பம்பாய் வட்டாரத்தின் போக்குவரத்து அதிகாரியாகப் பொறுப்பு வகித்தவர்! ஊருக்கெல்லாம் ஓட்டும் உரிமம் வழங்கும் கை, அன்று தானே குற்றக் கூண்டிலே நின்றது. பம்பாயிலே மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலம் அது. எனவே இரண்டு குற்றச்சாட்டுகள்: கவனமின்றி ஓட்டினார் என்பது ஒன்று, மது அருந்தினார் என்பது மற்றொன்று.

மருத்துவர் அவரைப் பார்த்து எழுதிய குறிப்பைக் கேளுங்கள். மூச்சிலே மது நாற்றம். விழி வெண்படலம் சிவந்திருந்தது. கண்மணி ஓரளவு விரிந்திருந்தது. இத்தனையும் அரசுத் தரப்புக்கு வெல்லம். ஆனால் அதே மருத்துவர், பேச்சு தெளிவாக இருந்தது என்றும், நேர்க்கோட்டிலே நடந்தார் என்றும் எழுதினார். மூக்கு ஒன்று சொல்கிறது. கால் வேறொன்று சொல்கிறது! எதை நம்புவது? அதிகாரியோ, ஆல்கஹால் கலந்த சத்து மருந்து அருந்தினேன், அதன் வாடைதான் அது என்றார்.

கீழ் மன்றம் அவரை விடுவித்தது. உயர்நீதிமன்றம், கவனமின்றி ஓட்டியதாகச் சொன்ன குற்றச்சாட்டிலே விடுதலையை ஒப்புக்கொண்டது. மது அருந்திய குற்றத்துக்காக ஒரு மாதக் கடுங்காவலும் ஐந்நூறு ரூபாய் தண்டமும் விதித்தது. வழக்கு தில்லிக்குச் சென்றது. அங்கேயும் முதலில் கேட்ட மூன்று நீதிபதிகள் ஒருமிக்கவில்லை. வழக்கு பெரிய ஆயத்தின் முன் வந்தது. 1951-ஆம் ஆண்டுப் பல்சாரா வழக்கிலே, ஆல்கஹால் கலந்த மருந்தை உட்கொள்வதைத் தடுத்த பகுதி செல்லாது என்று உச்சநீதிமன்றம் முன்னரே கூறியிருந்தது. ஆகவே, அருந்தியது தடை செய்யப்பட்ட மதுவே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசைச் சார்ந்தது, குற்றஞ்சாட்டப்பட்டவரைச் சார்ந்ததன்று என்று 1954-இல் முடிவாயிற்று. பெசிகாகா வழக்கு என்று சட்டம் பயில்வோர் இன்றும் படிப்பது இதுதான். அதிகாரி விடுதலை பெற்றார்.

பணமும் பதவியும் உள்ளவர் தில்லி வரை சென்றார், வென்றார். அதே வாடையோடு பிடிபட்ட ஏழைத் தொழிலாளி எத்தனை பேர் கீழ் மன்றத்தோடு நின்று சிறை புகுந்தனரோ! நம் மாநிலத்திலும் 1937-இல் சேலம் மாவட்டத்திலே தொடங்கிய மதுவிலக்கு, பின்னர் மாகாணமெங்கும் பரவிற்று. குடித்ததே குற்றம் என்று ஆகிவிட்ட இடத்திலே, குடித்தவன் நிலை தடுமாறினானா என்ற கேள்விக்கு இடமே இல்லாமற் போனது.

தீர்ப்பு வந்த பின்னர் பம்பாய் அரசு 1959-இல் சட்டத்தைத் திருத்திற்று. நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தால், அது தடை செய்யப்பட்ட மதுவன்று என்று காட்டும் பொறுப்பு பிடிபட்டவரையே சாரும். மூக்கின் இடத்துக்கு எண் வந்தது.

அந்த எண் வானத்திலிருந்து விழவில்லை. சுவீடன் நாட்டு விட்மார்க் 1920-களிலே சில துளி இரத்தத்தில் ஆல்கஹாலை அளக்கும் முறை கண்டார். நார்வே 1936-இல் இரத்த அளவைச் சட்டத்திலே எழுதிற்று. அமெரிக்காவிலே ஹார்கர் மூச்சை அளக்கும் கருவி செய்தார். போர்க்கன்ஸ்டைன் 1954-இல் அதனினும் எளியதைச் செய்தார். அதோடு அவர் நிற்கவில்லை என்பதே சிறப்பு. கிராண்ட் ராப்பிட்ஸ் நகரிலே விபத்துக்குள்ளான ஓட்டுநரையும், விபத்தின்றி அதே இடங்களைக் கடந்த ஓட்டுநரையும் ஆயிரக்கணக்கிலே சோதித்து ஒப்பிட்டார். இரத்தத்தில் அளவு ஏற ஏற விபத்து எவ்வாறு பெருகுகிறது என்பது 1964-இல் வெளியான அவருடைய அறிக்கையால் தெளிவாயிற்று. அரிசிச் சோதனைக்கு இல்லாத தகுதி இதற்கு உண்டு. சோதனைக்கும் தீங்குக்கும் உள்ள தொடர்பு எண்ணிக் காட்டப்பட்டது.

இனிக் கஞ்சாவுக்கு வருவோம். இங்கேதான் இன்றைய வாதம் சூடு பிடிக்கிறது.

ஆல்கஹால் நீரிலே கரைவது. இரத்தத்தில் எவ்வளவோ, அதற்கேற்ப மூச்சிலும் வரும். கஞ்சாவின் போதைப்பொருள் கொழுப்பிலே ஒதுங்குவது. புகைத்த சிறிது நேரத்திலே இரத்தத்தில் உச்சம் தொட்டு விரைவில் இறங்கிவிடும். மயக்கமோ அதற்குப் பின்னும் நீடிக்கும். நாள்தோறும் புகைப்பவன் உடலிலே, மயக்கம் தெளிந்து நாட்கள் கடந்த பின்னும் சுவடு தங்கும். அளவு குறைந்தும் மயங்கியிருப்பவன் உண்டு. அளவு தெரிந்தும் தெளிந்திருப்பவன் உண்டு. அறிஞர்கள் ஒருமித்து ஓர் எண்ணைச் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுவே. இங்கிலாந்து 2015-இல் ஒரு லிட்டர் இரத்தத்துக்கு 2 மைக்ரோகிராம் என்றது. அமெரிக்காவின் கொலராடோ 5 என்றது. ஜெர்மனி 2024-இல் இரத்த நிணத்தில் 1 என்றிருந்த எல்லையை 3.5 ஆக்கிற்று. ஒரே செடி, ஒரே மனித உடல், எல்லை மட்டும் நாட்டுக்கு நாடு வேறு!

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2004 டிசம்பரிலே சாலையோரத்தில் உமிழ்நீர்ச் சோதனையைத் தொடங்கிற்று. செய்தியாளர் சூழ்ந்து நிற்க, முதலில் பிடிபட்டவராக ஒருவர் உலகுக்குக் காட்டப்பட்டார். ஆய்வுக்கூடமோ அந்த முடிவை உறுதிப்படுத்தவில்லை. மீண்டும் உமிழ்நீர், மீண்டும் வறண்ட வாய்! கஞ்சாவே வாயை வறளச் செய்வது. போதிய உமிழ்நீர் கிடைப்பதே கடினம். எனினும் பழைய சோதனைக்கும் புதியதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஆய்வுக்கூடம் மறுக்க இடம் இருந்தது. தெய்வச் சோதனைக்கு மேல்முறையீடு ஏது?

இதே குழப்பத்தை நம் நாடு 130 ஆண்டுகளுக்கு முன்பே கண்டது. 1893-இல் அமைந்த இந்திய சணல் போதைப்பொருள் ஆணைக்குழு ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளைக் கேட்டது. மனநோய் விடுதிகளின் ஏடுகளிலே "காரணம்: கஞ்சா" என்று எழுதியிருந்த பதிவுகளைத் தோண்டிப் பார்த்தது. நோயாளியைக் கொண்டுவந்த காவலர் சொன்னதை, எழுத்தர் அப்படியே பதிந்திருந்தார்! ஆராய்ந்த பின் அவற்றிலே பாதிக்கு மேற்பட்டவை நிற்கவில்லை. அவன் புகைத்தான் என்பது உண்மையாக இருக்கலாம்; அதனால்தான் அறிவு கலங்கினான் என்பது தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டிய செய்தி.

நம் மோட்டார் வாகனச் சட்டம் என்ன சொல்கிறது? 1939-ஆம் ஆண்டுச் சட்டம், வண்டியைக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு மயங்கியிருந்தால் குற்றம் என்றது. 1988-ஆம் ஆண்டுச் சட்டம், இரத்தத்தில் ஆல்கஹால் எத்துணைச் சிறிதாயினும் குற்றம் என்று முதலில் எழுதிற்று. 1994-இல் அதைத் திருத்தி 30 மில்லிகிராம் என்று எல்லை கட்டினர். போதைப்பொருளுக்கோ அந்தப் பிரிவிலே எண் இல்லை. "கட்டுப்படுத்த இயலாத அளவு" என்ற பழைய சொல்லே நிற்கிறது. கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். இல்லையேல் விடுவிக்க வேண்டும். 2019-க்குப் பின் முதற்குற்றத்துக்கே பத்தாயிரம் ரூபாய் தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இரண்டு மணி நேரம் என்பதை நகரத்து மேசையிலே எழுதிவிடலாம். கம்மாபுரத்துக் கிராமச் சாலையிலே, நள்ளிரவிலே, இரத்தம் எடுக்க மருத்துவர் வேண்டும். எடுத்த இரத்தம் கெடாமல், மாறாமல், முத்திரையோடு ஆய்வுக்கூடம் சேர வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும், குடித்தவன் தப்புவான், குடிக்காதவன் சிக்குவான். மூக்கையும் தள்ளாடும் நடையையும் மட்டும் நம்பி எழுந்த வழக்கொன்றை, இரத்தச் சோதனை இல்லை என்பதால் 1971-இல் உச்சநீதிமன்றம் ஏற்க மறுத்ததையும் நம் காவல்துறை மறந்துவிடக் கூடாது.

சாலையிலே குடும்பத்தலைவனைப் பறிகொடுத்த வீட்டாரின் கண்ணீர் நமக்குத் தெரியாததன்று. குடித்து ஓட்டுபவனுக்கு இரக்கம் காட்டச் சொல்லவில்லை. ஆனால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2003 முதல் தமிழகத்திலே மதுவைச் சில்லறையாக விற்கும் உரிமை அரசு நிறுவனத்துக்கே உரியது. நெடுஞ்சாலையோரக் கடைகளை அகற்றுமாறு தமிழகத்திலிருந்து சென்ற வழக்கிலே 2016 டிசம்பர் 15 அன்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. சாலையிலிருந்து 500 மீட்டர் என்றது. அடுத்த ஆண்டே சிற்றூர்களுக்கு 220 மீட்டர் ஆயிற்று. நகராட்சி எல்லைகளுக்கு விலக்கும் கிடைத்தது. விற்பதும் ஒரு கை, ஊதச் சொல்வதும் அதே கை!

இன்னொரு மயக்கம் உண்டு. அதற்குக் கருவியே இல்லை. உறக்கமின்மை! மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-இலேயே நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று எழுதியது. அரைவைப் பருவத்திலே ஆலை வாசலில் வரிசையில் இரவெல்லாம் விழித்திருந்து, விடியலில் சுமை இறக்கிவிட்டு, அடுத்த நடைக்குத் திரும்பும் ஓட்டுநரைக் காவலர் நிறுத்துகிறார். ஊதச் சொல்கிறார். கருவி சுழியம் காட்டுகிறது. கண்கள் சொருகுகின்றன. "போ" என்கிறார் காவலர். லாரி நகர்கிறது.