விரிவு வால்வும் விமானத் தரைக் குளிரூட்டியும்

விரிவு வால்வு என்பது குளிர்பதன இயந்திரத்தில் உயர் அழுத்தத் திரவத்தை அளவோடு ஆவியாக்கிக்குள் விடும் உறுப்பாகும். நிலையத்தில் நிற்கும் விமானத்துக்குக் குழாய்வழி குளிர்காற்று அனுப்பும் தரைக் குளிரூட்டி வண்டிகளிலும் இது உண்டு. பெரும்பாலான ஜெட் பயணி விமானங்கள் காற்றையே அழுத்தி, பின் விரியச்செய்து குளிர்விக்கின்றன. அவற்றின் அறைக் குளிரூட்டலுக்குக் குளிர்பதன வாயு தேவையில்லை. ஆகவே இவ்வால்வின் பழுது பெரும்பாலும் தரை வண்டியின் சிக்கலாகும்.

வரலாறு

ஆவி அமுக்கக் குளிர்பதன முறைக்கு 1834இல் லண்டனில் ஜேக்கப் பெர்கின்ஸ் காப்புரிமை பெற்றார். ஆயினும் 1842இல் சென்னைக் கடற்கரையில் எழுந்த ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கவே கட்டப்பட்டது. பின்னர் வந்த பனிக்கட்டி ஆலைகளில் அழுத்தமானியைப் பார்த்து வால்வைக் கையால் திருகும் ஆள் தேவைப்பட்டார்.

1920களின் பிற்பகுதியில் வெப்பநிலை உணரும் தானியங்கி வால்வு அமெரிக்காவில் உருவானது. ஆவியாக்கியின் வெளிக்குழாயில் கட்டப்படும் உணர்குமிழ், ஆவி கூடுதலாகச் சூடேறினால் வால்வைத் திறக்கும், குளிர்ந்தால் மூடும். டென்மார்க்கில் மேட்ஸ் கிளாவ்சன் 1933இல் தொடங்கிய டான்ஃபோஸ் நிறுவனம் இவ்வகை வால்வுகளால் வளர்ந்தது.

பழுதறிதல்

தானியங்கி வந்ததும் வால்வருகே நின்ற ஆள் மறைந்தார். குளிர் குறைந்தால் வால்வையே குறைசொல்லும் வழக்கம் தோன்றியது. ஆவியின் மிகைச் சூடு கூடி, உறிஞ்சு அழுத்தம் குறைந்தால் ஆவியாக்கிக்குள் திரவம் போதவில்லை எனலாம். இதற்கு வாயுக் கசிவு, அடைபட்ட வடிகட்டி ஆகியவையும் காரணமாகலாம். அவற்றை முதலில் பார்க்க வேண்டும். பின் உணர்குமிழைக் கழற்றிக் கையில் பிடித்துச் சூடேற்ற வேண்டும். அழுத்தம் உயர்ந்தால் வால்வு இயங்குகிறது. உயராவிட்டால் குமிழின் வாயு வெளியேறியிருக்கலாம், அல்லது துளை அடைபட்டிருக்கலாம். வால்வின் மேல் வெதுவெதுப்பான துணியைச் சுற்றியதும் அழுத்தம் மீண்டால் உள்ளே உறைந்தது ஈரமே.

புதுச்சேரியின் பிள்ளைச்சாவடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்று, திறந்துவைத்த குழாய்க்குள் எளிதில் புகும். அங்கே புதிய வால்வு பொருத்துவது மட்டும் தீர்வாகாது. உலர்த்தியை மாற்றி, நன்கு வெற்றிடமாக்கிய பிறகே வாயு நிரப்ப வேண்டும். மாறாக, மிகைச் சூடு மிகக் குறைந்தால் திரவம் கம்ப்ரசருக்குள் சென்று அதை உடைக்கக்கூடும்.

தவறான கணிப்பால் வாயுவும் வீணாகிறது. ஓசோனைச் சிதைக்கும் வாயுக்களைக் கட்டுப்படுத்த 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. கசிவை அடைக்காமல் வாயுவை நிரப்புவது அந்த முயற்சிக்கே எதிரானது.