தலப்படங்களும் சேலம், நாமக்கல் ஊர் வரலாறும்

தலப்படம் என்பது மேடு பள்ளம், நீர்நிலை, பாதை, குடியிருப்பு ஆகியவற்றை அளந்து, குறியீடுகளால் காட்டும் வரைபடம். பேச்சு வழக்கில் 'டோப்போ ஷீட்'. 1767இல் தோன்றிய இந்திய நில அளவைத் துறை இதை வெளியிடுகிறது. கல்வெட்டு இல்லாத சிற்றூர்களின் வரலாற்றுக்கு இதன் பழைய பதிப்புகள் நல்ல சான்று.

தாள் எண்கள்: சேலம் 58 ஐ/2, இராசிபுரம் 58 ஐ/3, நாமக்கல் 58 ஐ/4, திருச்செங்கோடு 58 இ/15 ஆகிய தாள்களில் அமைகின்றன. பழைய தாள்களில் ஒரு மைல் ஓர் அங்குலமாகும் (1:63,360). பின்னர் 1:50,000 அளவு வந்தது.

காலம் அறிதல்: அச்சிட்ட ஆண்டைவிட அளந்த ஆண்டே முதன்மையானது. இரண்டும் தாளின் ஓரத்தில் இருக்கும். அந்த ஓரம் கிழிந்திருந்தால் படமே காலம் சொல்லும். எடுத்துக்காட்டாக, மேட்டூர் அணைப் பணி 1925இல் தொடங்கி 1934இல் முடிந்தது. நீர்த்தேக்கமின்றிக் காவிரி மட்டும் ஓடும் தாள் 1934க்கு முன் அளந்தது. அணையில் மூழ்கிய ஊர்களின் இருப்பிடத்தை அத்தகைய தாளில் தேடலாம். நீர் வற்றும் காலங்களில் பண்ணவாடியில் வெளிப்படும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் அவ்வூர்களின் எச்சங்களே.

நீர்வழிகள்: நாமக்கல் சமவெளியின் இரு வகைப் பாசனமும் படத்தில் பிரிந்து தெரியும். தெற்கே, ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் இராஜவாய்க்கால் பரமத்தி வேலூர்ப் பகுதிக்குப் பாய்கிறது. வடக்கே மழையை நம்பிய ஏரிகளும் கிணறுகளும். வாய்க்காலை வெட்டியவர் அல்லாள இளைய நாயக்கர் என்பது மரபு. வாய்க்கால் போகும் வழியைப் படம் காட்டும். வெட்டியவர் பெயரைக் காட்டாது.

வரம்புகள்: ஆங்கில எழுத்தில் ல, ள, ழ வேறுபாடு மறைவதால் ஊர்ப்பெயர்கள் சிதைந்திருக்கும். வேறு ஒலிகளும் மாறும்; சேர்வராயன் மலை 'ஷெவராய்' ஆனது. வயல் எல்லைகளும் இடம்பெறுவதில்லை. அவற்றுக்கு வருவாய்த் துறையின் கிராம வரைபடம், புலப்படம், அ-பதிவேடு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மந்தைவெளி, வண்டித்தடம், சந்தைமேடு போன்றவற்றின் பெயர்களை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டே உறுதிசெய்ய முடியும்.

இன்றைய நிலை: 2005ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கான புதிய தாள்கள் வேறு எண்களுடன் வருகின்றன. அவற்றின் புவியளவை அடிப்படையும் வேறு; செயற்கைக்கோள் படங்களும் அந்தப் புதிய அடிப்படையிலேயே அமைகின்றன. எனவே பழைய தாளைத் திருத்தாமல் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தினால், ஏரியும் ஊரும் இடம் விலகித் தெரியும்.