திறமூலத் திட்டங்களும் இணையக் கருவிகளும்: தேர்வுக்கு ஓர் அளவுகோல்

திறமூல மென்பொருள் திட்டத்தை நடத்த இலவச இணையக் கருவி தேடுவோர் பெரும்பாலும் வசதிகளைத்தான் ஒப்பிடுகிறார்கள். எது எளிது, எதில் பங்களிப்பாளர்கள் அதிகம், எதில் தானியங்கிச் சோதனை உண்டு என்று பார்க்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்: நாளை அந்தக் கருவியை விட்டு வெளியேற நேர்ந்தால், திட்டம் எதையெல்லாம் கையோடு எடுத்துச் செல்ல முடியும்?

வெளியேற நேரும் என்பதற்கு வரலாறே சான்று. லினக்ஸ் கெர்னல் 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியுரிமப் பதிப்பு மேலாண்மைக் கருவியில் பராமரிக்கப்பட்டது. 2005இல் அதன் இலவச உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டபோதுதான் கெர்னலை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், கிட் என்ற மாற்றுக் கருவியை எழுதினார். திட்டங்களுக்கு இடம் தர 2006இல் வந்த கூகுள் கோட் தளம் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. மைக்ரோசாஃப்டின் அதுபோன்ற தளமான கோட்பிளெக்ஸ் 2017இல் முடிவுக்கு வந்தது. சோர்ஸ்ஃபோர்ஜ் மூடப்படவில்லை, ஆனால் பதிவிறக்கங்களோடு விளம்பர மென்பொருளைச் சேர்த்துத் தரத் தொடங்கியது. கிம்ப் திட்டம் 2013இல் அங்கிருந்து விலகியது. 2019இல் அமெரிக்கத் தடைச் சட்டங்களால் ஈரான், சிரியா, கிரிமியா பயனர்களின் கிட்ஹப் கணக்குகள் கட்டுப்படுத்தப்பட்டன. இலவசச் சேவையின் செலவை யாரோ ஒருவர் ஏற்கிறார். அவருடைய கணக்கோ அவர் நாட்டுச் சட்டமோ மாறினால் சேவையும் மாறிவிடும்.

கிட் இருக்கும்போது இதைப் பற்றிக் கவலைப்படுவானேன் என்று கேட்கலாம். உண்மைதான், களஞ்சியத்தை நகலெடுக்கும் ஒவ்வொருவரிடமும் நிரலின் முழு வரலாறும் சேர்ந்துவிடுகிறது. கிட்ஹப்பின் விக்கிகூடக் கிட் களஞ்சியம்தான். ஆனால் வழுப் பதிவுகளும் அவற்றின் கீழ் நடந்த விவாதங்களும் அந்த நகலில் வருவதில்லை. ஏபிஐ வழியே தனியாக இறக்க வேண்டும். "412ஆம் வழுவைத் தீர்க்கிறது" என்று மட்டும் சொல்லும் ஒரு கமிட் செய்தியை எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணுக்குரிய பக்கம் போய்விட்டால், அந்த வரி ஏன் அப்படி எழுதப்பட்டது, வேறு எந்த வழிகள் ஏன் கைவிடப்பட்டன என்பதைப் புதிதாக வருபவர் அறிய வழியே இல்லை. நிரலும் வழுப் பதிவுகளும் இப்படிப் பிரிந்திருப்பது தொழில்நுட்பத்தின் கட்டாயமும் அல்ல. எஸ்கியூலைட் திட்டம் பயன்படுத்தும் ஃபாசில் என்ற கருவி, வழுப் பதிவையும் விக்கியையும் நிரலோடு ஒரே களஞ்சியத்தில் வைக்கிறது.

முறையாக வெளியேறுவது எப்படி என்பதைப் பைத்தானிடம் பார்க்கலாம். அதன் வழுப் பதிவுகள் 2007இல் சோர்ஸ்ஃபோர்ஜிலிருந்து சொந்தமாக நிறுவிய ரவுண்டப் என்ற கருவிக்கும், 2022இல் அங்கிருந்து கிட்ஹப்புக்கும் போயின. இரண்டாம் மாற்றத்தில் பதிவுகளின் எண்கள் மாறின. எனவே பழைய தளம் வாசிப்பதற்கு மட்டுமானதாக மாற்றப்பட்டு, ஒவ்வொரு பழைய பக்கத்திலும் புதிய பதிவுக்கு இணைப்பு தரப்பட்டது. பதிவுகள் முழுதாகக் கைவசம் இருந்ததால்தான் இது முடிந்தது.

பங்களிப்பாளர்கள் இருக்கும் இடத்துக்குத்தானே திட்டமும் போக வேண்டும் என்பது வலுவான மறுப்பு. பைத்தானே கிட்ஹப்புக்குப் போனதில் அந்த நியாயம் இருக்கிறது; நான் அதை மறுக்கவில்லை. என் அளவுகோல் எந்தத் தளத்தையும் விலக்குவதில்லை, போன இடத்தில் அடைபட்டுவிடாதே என்றுதான் சொல்கிறது. சொந்தச் சேவையகமே தீர்வு என்போரும் உண்டு. க்னோம், டெபியன் இரண்டும் 2018இல் தாமே நிறுவிய கிட்லேப் மென்பொருளுக்கு மாறின. ஆனால் அதற்கு ஓயாத பராமரிப்பு உழைப்பு வேண்டும். மூன்று பேர் நடத்தும் திட்டத்துக்கு அது தாங்காது. சொந்தமாக நிறுவியதும் நிலையானது என்று சொல்ல முடியாது: விக்கிமீடியா நம்பியிருந்த ஃபேப்ரிக்கேட்டர் என்ற கருவியின் மேம்பாட்டை அதை உருவாக்கியவர்கள் 2021இல் நிறுத்திவிட்டார்கள். அதன் நிரல் திறந்திருந்ததால் ஃபோர்ஜ் என்ற கிளை உருவாகித் தொடர்ந்தது. பெர்லினில் பதிவான சங்கம் நன்கொடையில் நடத்தும் கோட்பெர்க், சிறு திட்டங்களுக்கு ஓர் இடைவழி. அதை இயக்கும் ஃபோர்ஜெயோ மென்பொருளும் திறமூலமே.

ஆகவே தேர்வுக்கு முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். வெள்ளோட்டமாக ஒரு திட்டத்தைத் திறந்து, படங்களும் குறுக்கு இணைப்புகளும் கொண்ட சில வழுப் பதிவுகளை இட்டு, அவற்றை முழுதாக இறக்கி இன்னொரு கருவியில் ஏற்றிப் பார்க்க வேண்டும். எழுதியவர் பெயர், தேதி, இணைத்த கோப்பு, எண் ஆகியவற்றில் எது தொலைகிறது என்பது சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். தேர்ந்த பிறகும் அதே ஏற்றுமதியைத் தானியங்கியாகக் குறித்த இடைவெளியில் நடத்தி, வெளியே வேறோர் இடத்தில் சேமித்து வருவது பராமரிப்பாளரின் வழக்கமான வேலைகளில் ஒன்றாக வேண்டும்.