ஸ்டார்ட்டரின் கதை

பழைய மோட்டார் கார் வைத்திருப்பவனுக்கு மற்றவர்களுக்குக் கிட்டாத ஒரு பாக்கியம் உண்டு. முன்பின் தெரியாத மனிதர்கள் அவனுடைய வண்டியின் பின்புறத்தில் கை கொடுத்துத் தள்ளி, சிநேகிதர்களாகிவிடுவார்கள். 1985-ஆம் வருஷம் நான் ஒரு பழைய காரை வாங்கிய பிறகு எனக்கு இப்படிச் சேர்ந்த சிநேகிதர்கள் அநேகம். பால்காரர், தபால்காரர், எதிர்வீட்டு வக்கீல், ஒரு சமயம் கல்யாண ஊர்வலத்தில் வந்த நாதஸ்வர கோஷ்டி முழுவதும்.

வண்டியில் குறை ஒன்றே ஒன்றுதான். அதன் ஸ்டார்ட்டர் மோட்டார் ஏறக்குறைய நாற்பது நாளைக்கு ஒரு தரம் கெட்டுப்போகும். முதல் தரம் ஒர்க்ஷாப் மேஸ்திரி கார்பன் பிரஷ் மாற்றினார். இரண்டாம் தரம் ஆர்மேச்சரில் இருந்த கம்பியை அவிழ்த்துவிட்டுப் புதிதாகக் காயில் கட்டினார்கள். மூன்றாம் தரம் அந்தக் காயிலும் கருகியபோது மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. காயில் கட்டிய பையனைக் கூப்பிட்டார். அவனுக்குப் பதினாறு வயது இருக்கலாம்.

"வேலையிலே கவனம் வேணாமாடா? ஐயா எத்தினி தரம் காசு குடுப்பாரு?" என்று கேட்டுவிட்டுக் கன்னத்தில் ஓர் அறை வைத்தார்.

பையன் அழவில்லை. மேஸ்திரியைப் பார்க்கவும் இல்லை, என்னைப் பார்த்தான். நான், "சின்னப் பையனா இருந்தாலும் பொறுப்பு வேணுமில்லையா?" என்றேன். அன்று சாயங்காலம் அவன் மறுபடியும் புதிதாகக் காயில் கட்டி, மோட்டாரை வண்டியில் பூட்டிக் கொடுத்தான்.

நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் என்ன ஆயிற்று என்பதைச் சொல்வதற்கு முன்னால், ஸ்டார்ட்டர் என்ற சாதனம் எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். இரண்டு கதைகளுக்கும் சம்பந்தம் உண்டு.

இந்த நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டின் தொடக்கத்தில், காரை ஓட்டுவதைவிடக் கிளப்புவதுதான் பெரிய வித்தை. வண்டிக்கு முன்னால் ஒரு துவாரம் இருக்கும். அதில் இரும்பு ஹாண்டிலைச் செருகி, குனிந்து நின்று சுழற்ற வேண்டும். சுழற்றுவதற்கு முன் தீப்பொறி விழும் நேரத்தைத் தாமதப்படுத்தும் சிறு நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ளிவைக்க வேண்டும். அதை மறந்துவிட்டால், பிஸ்டன் உச்சிக்கு வந்து சேருவதற்குள்ளேயே உள்ளே இருக்கும் வாயு தீப்பற்றிக்கொள்ளும். எஞ்சின் ஒரு கணம் பின்பக்கமாகச் சுற்றும். ஹாண்டில் குதிரை உதைப்பது போலத் திரும்பி அடிக்கும். மணிக்கட்டு முறிந்தால் அது அதிர்ஷ்டம். சில பேருக்குத் தாடையே உடைந்தது. மணிக்கட்டில் நேரும் ஒரு வகை முறிவுக்கு ரண வைத்தியர்கள் மோட்டார் டிரைவர்களின் பெயரையே வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் வைத்தியப் புத்தகங்களில் 'ஷோபர் முறிவு' என்றால் அதுதான்.

கை முறிந்தவனைப் பார்த்து உலகம் என்ன சொல்லிற்று? "கட்டை விரலை ஹாண்டிலைச் சுற்றிப் பிடிக்கலாமா? மற்ற விரல்களோடு சேர்த்தல்லவா வைத்திருக்க வேண்டும்!" என்றது. "மேல்நோக்கி இழுக்க வேண்டும், கீழ்நோக்கி அழுத்தக் கூடாது!" என்றது. புத்திமதிகள் எல்லாம் சரியானவைதான். ஆனால் புத்திமதி கேட்டவர்களின் கைகளும் முறிந்துகொண்டேதான் இருந்தன.

டெட்ராய்ட் நகரில் ஒரு கதை வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. பெல் ஐல் தீவுக்குப் போகும் பாலத்தின்மேல் ஒரு மாதின் காடிலாக் கார் நின்றுபோயிற்றாம். அந்த வழியே வந்த பைரன் கார்ட்டர் உதவி செய்வதற்காக இறங்கினாராம். அவரே 'கார்ட்டர்கார்' என்ற வண்டியைத் தயாரித்தவர். மோட்டார் விஷயம் தெரியாதவர் அல்ல. ஹாண்டில் திரும்பி அடித்துத் தாடை உடைந்தது; அதன் விளைவாகவே அவர் மாண்டுபோனார் என்று கதை முடிகிறது. கார்ட்டர் 1908-இல் காலமானார் என்பது சரித்திரம். பாலமும் மாதும் கதை சொல்லுகிறவர்களின் கைங்கரியமாகவும் இருக்கலாம். காடிலாக் கம்பெனியின் தலைவர் ஹென்றி லேலண்ட் இந்த மரணத்தினால் மனம் நொந்து, இனித் தம்முடைய காரில் ஹாண்டிலே கூடாது என்று தீர்மானித்ததாகவும் சொல்லுவார்கள்.

தீர்மானிப்பது சுலபம். செய்வது எப்படி? அழுத்திய காற்று, சுருள்வில், அசிட்டிலின் வாயு என்று என்னென்னவோ முயன்று பார்த்தார்கள். மின்சார மோட்டாரைப் பற்றியும் யோசித்தார்கள். ஆனால் எஞ்சினைச் சுழற்றுகிற அளவுக்குப் பலமுள்ள மோட்டார் மிகவும் பெரிதாக இருக்கும். அதையும் அதற்கு வேண்டிய பாட்டரிகளையும் ஏற்றினால் மனிதர் உட்கார இடம் இராது என்று நிபுணர்கள் கருதினார்கள்.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் சார்ல்ஸ் கெட்டரிங். ஒஹையோ மாகாணத்துக் குடியானவர் மகன், 1876-இல் பிறந்தவர். கண்பார்வை மிகவும் மந்தம். கலாசாலையில் கூடப் படித்த நண்பர்கள் பாடங்களை உரக்கப் படித்துச் சொல்ல, காதால் கேட்டே தேறியவர். 1904-இல் பட்டம் பெற்றதும் டேட்டன் நகரில் கடைகளுக்கான பணப்பெட்டி யந்திரங்கள் செய்யும் கம்பெனியில் சேர்ந்தார். அந்த யந்திரத்தையும் அப்போது கையால்தான் சுழற்ற வேண்டும். கெட்டரிங் அதற்கு ஒரு மின்சார மோட்டாரைப் பொருத்தினார். அப்போது ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். பணப்பெட்டியின் மோட்டார் நாள் முழுவதும் ஓடப்போவதில்லை. ஒரு கணம் ஓடி நின்றுவிடப் போகிறது. ஆகையால் சிறிய மோட்டாரின் தலையில் பெரிய சுமையை ஏற்றலாம். அது சூடேறுவதற்குள் வேலை முடிந்து, ஓய்வு கிடைத்துவிடும்.

காருக்கும் இதே கணக்குத்தான். எஞ்சினைக் கிளப்ப வேண்டியது சில விநாடிகளே. 1909-இல் எட்வர்ட் டீட்ஸ் என்பவரோடு சேர்ந்து 'டெல்கோ' என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கிய கெட்டரிங், டீட்ஸின் வீட்டுக் கொட்டகையிலேயே சோதனைகள் நடத்தினார். 1911 பிப்ரவரியில் அவருடைய ஸ்டார்ட்டர் ஒரு காடிலாக் காரில் ஏறிற்று. எஞ்சினைக் கிளப்பும்போது அதற்கு 24 வோல்ட் மின்சாரம். கிளம்பிய பிறகு அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, 6 வோல்ட்டில் பாட்டரிகளுக்கு மின்சாரம் ஊட்டும். 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் கார்கள் ஹாண்டில் சுழற்ற வேண்டிய அவசியமின்றி விற்பனைக்கு வந்தன. ஃபோர்டின் 'மாடல் டி' காருக்கு அந்த வசதி 1919-இல்தான் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. அந்நாளில் பல பெண்மணிகள் பாட்டரியால் ஓடும் மின்சாரக் கார்களையே விரும்பினார்கள். அவற்றுக்கு ஹாண்டில் கிடையாது. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா அம்மையாரே அத்தகைய கார் ஒன்றை வைத்திருந்தார். பெட்ரோல் காருக்குள் ஒரு மின்சார மோட்டார் புகுந்ததும், மின்சாரக் காரின் அந்தச் சலுகை போயிற்று. அது மறைந்துபோனதற்கு இதுவும் ஒரு காரணம். தன் இனத்தையே வீழ்த்திய அந்தச் சிறு மோட்டாரின் சாபம் தீர்ந்து, மின்சாரக் கார் திரும்பி வர ஏறக்குறைய நூறு வருஷம் ஆயிற்று.

கெட்டரிங்கின் வெற்றியில் ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது. ஸ்டார்ட்டர் சட்டென்று வேலையை முடித்துவிட்டு ஓய்வு எடுக்க வேண்டும். வேலை நீண்டால் அது எரிந்துபோகும்.

இந்த விஷயத்தை நான் ஒரு புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான், ஒரு குளிர்ந்த காலைப்பொழுதில் நானும் என் மனைவியும் காரில் ஏறினோம். நான் ஸ்டார்ட்டரை இழுக்கும்போது சோக் குமிழைப் பிடித்துக்கொள்வது அவளுடைய உத்தியோகம். எஞ்சின் முனகிக்கொண்டே சுற்றியது. திடீரென்று அவள் கையை உதறினாள்.

"என்னங்க, இந்தக் குமிழ் சுடுதே!"

சோக் குமிழ் ஏன் சுட வேண்டும்? அதற்கும் மின்சாரத்துக்கும் என்ன உறவு? மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

விஷயம் இதுதான். பாட்டரியிலிருந்து தடித்த கம்பி வழியாக ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்சாரம் எஞ்சினின் உடம்பு வழியாகத் திரும்பிப் பாட்டரிக்கு வந்து சேர வேண்டும். எஞ்சினோ ரப்பர் மெத்தையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. அதற்காக எஞ்சினையும் வண்டியின் சட்டத்தையும் ஒரு பின்னிய செம்புப் பட்டையால் இணைத்திருப்பார்கள். என் வண்டியில் அந்தப் பட்டையைக் காணோம். 200 ஆம்பியருக்கும் அதிகமான மின்சாரம், ராஜபாட்டை அடைபட்டதால், சோக் கம்பி என்ற ஒற்றையடிப் பாதை வழியாக நெருக்கியடித்துக்கொண்டு திரும்பியிருக்கிறது. வழியிலேயே பலம் கரைந்துவிடும். 12 வோல்ட்டில் எட்டோ ஒன்பதோதான் மோட்டாருக்குக் கிடைக்கும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும், கிளம்பாது. நானும் விடாமல் இழுத்துக்கொண்டே இருப்பேன். சில விநாடிகளுக்கென்று பிறந்த மோட்டாரை நிமிஷக் கணக்கில் வதைத்தால் அது எரியாமல் என்ன செய்யும்?

ஆகவே, பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்டார்ட்டர் திரும்பத் திரும்பக் கெட்டால், அதைக் கழற்றுவதற்கு முன் அதற்குப் போகும் வழியையும் அது திரும்பும் வழியையும் பாருங்கள். ஸ்டார்ட்டரை இழுக்கும் சமயத்தில் பாட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சினின் உடம்புக்கும் இடையே வோல்ட் மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி அந்தப் பாதையில் இருக்கிறான்.

முந்தின வருஷம் கிளச் பிளேட் மாற்றுவதற்காக எஞ்சினை இறக்கியவர் மேஸ்திரிதான். பட்டையைத் திரும்பப் பூட்ட மறந்தது யார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புதிய பட்டையின் விலை பன்னிரண்டு ரூபாய். அதற்கு மேல் ஒரு காசு வாங்க அவர் மறுத்துவிட்டார்.

"பையன் எங்கே?" என்று கேட்டேன்.

"அவன் அடுத்த வாரமே போயிட்டான், ஐயா. ஊருக்குப் போறேன்னான்."

எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை.

1995-இல் அந்தக் காரை விற்றேன். அதுவரையில் ஸ்டார்ட்டர் ஒரு தரம்கூடப் பழுதாகவில்லை. அறை வாங்கிய அன்று சாயங்காலம் அந்தப் பையன் கட்டிய காயில்தான் கடைசி வரை உள்ளே இருந்தது.