அச்சுக்கோப்புக்குள் ஒரு சாய்கோடு: டெக் நிரலில் படம் வரைந்த வரலாறு

கணித, இயற்பியல் ஆய்விதழ்கள் பலவும் இன்று அச்சாவது டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலின் வழியாகத்தான். அந்த நிரலுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. அதனால் ஒரு சாய்கோட்டை வரைய முடியாது. கிடைக்கோடு வரும், நிலைக்கோடு வரும். அவையும் உண்மையில் மை நிரப்பிய ஒல்லியான செவ்வகங்களே. முக்கோணத்தின் சாய்ந்த பக்கத்துக்கு அதனிடம் கட்டளையே இல்லை. வடிவகணிதப் பாடம் எழுதுபவருக்கு இது சிறிய குறை அன்று. படத்தை வேறொரு மென்பொருளில் வரைந்து ஒட்டலாம் என்றால், படத்தில் உள்ள 'x' ஓர் எழுத்துருவிலும் பாடத்தில் உள்ள 'x' வேறோர் எழுத்துருவிலும் வந்து நிற்கும். பாடத்தில் ஒரு குறியீட்டை மாற்றினால் படத்தைத் தேடிப் போய்த் திருத்த வேண்டும். உரையை எழுதும் அதே கோப்பில் படத்தையும் நிரலாக எழுத வேண்டும் என்ற விருப்பம் இந்தத் தொல்லையில் பிறந்தது.

பெட்டிகளும் எழுத்துகளும்

டெக்கை உருவாக்கியவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத். ஈய எழுத்து அச்சு மறைந்து ஒளி அச்சுக்கோப்பு வந்துவிட்ட காலம் அது. 1977-ல் 'கணினி நிரலாக்கக் கலை' நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்காக அவருக்கு வந்த மெய்ப்புகள் பார்க்கச் சகிக்காதபடி இருந்தன. தாமே ஒரு நிரல் எழுதிக்கொள்வது என்று முடிவு செய்தார். ஓராண்டில் முடியும் என்று எண்ணித் தொடங்கிய வேலை ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கியது.

வேலையை அவர் இரண்டாகப் பிரித்தார். எழுத்துகளை அடுக்குவது டெக்; எழுத்துகளை வரைவது மெட்டாஃபாண்ட் என்னும் தனி நிரல். டெக்கைப் பொறுத்தவரை ஓர் எழுத்து என்பது அகலம், உயரம், கீழிறக்கம் ஆகிய அளவுகளைக் கொண்ட வெறும் பெட்டி. அதற்குள் இருப்பது 'அ'வா 'ஃ'ஆ என்று அது பார்ப்பதில்லை. பத்திகளை அவ்வளவு அழகாக அது பிரிப்பதற்கு இந்தக் கண்மூடித்தனமும் ஒரு காரணம். வளைவும் சாய்வும் பெட்டிக்கு உள்ளே நடக்கும் சங்கதிகள். அவை மெட்டாஃபாண்டின் பொறுப்பு. ஆக, வரைவதற்கான மொழி கனூத்திடம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது எழுத்துரு செய்வோரின் பட்டறையிலேயே தங்கிவிட்டது.

அந்த மொழியைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும். பெரும்பாலான வரைகலை நிரல்களில் ஒவ்வொரு புள்ளியின் ஆள்கூறுகளையும் நாமே கணக்கிட்டுத் தர வேண்டும். மெட்டாஃபாண்டில் புள்ளிகளுக்கு இடையே உள்ள உறவைச் சொன்னால் போதும். நேரியல் சமன்பாடுகளை அது தானே தீர்த்துக்கொள்ளும். 1, 2, 3, 4 என்று வரிசையாக முனைகளைக் கொண்ட நாற்கரம் ஒன்றில் மூலைவிட்டங்கள் வெட்டும் புள்ளி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் புள்ளி 1-இலிருந்து 3-க்குப் போகும் வழியில் ஏதோ ஓரிடத்தில் இருக்கிறது. அதே புள்ளி 2-இலிருந்து 4-க்குப் போகும் வழியிலும் ஏதோ ஓரிடத்தில் இருக்கிறது. இவ்விரண்டையும் எழுதினால் வேலை முடிந்தது. அந்த 'ஏதோ' என்பதற்கு 'வாட்எவர்' என்று ஒரு சொல்லே மொழியில் உண்டு. எழுதப்படும் ஒவ்வொரு முறையும் அது ஒரு புதிய மாறி. முனை ஒன்றை நகர்த்திவிட்டு நிரலை மறுபடி ஓட்டினால், வெட்டுப்புள்ளியும் கூடவே நகர்ந்திருக்கும். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் போட்ட ஒருங்கமை சமன்பாடுகள் இப்படிக் கண்முன் படமாக அசைவதைப் பார்ப்பது ஓர் அனுபவம்.

வளைகோடுகளுக்கும் வழி எளிது. போக வேண்டிய புள்ளிகளைச் சொன்னால், அவற்றின் வழியே வழுவழுப்பான பாதையை நிரல் தேர்ந்தெடுக்கும். 1984-இல் முழுமை பெற்ற மெட்டாஃபாண்டில் அந்தக் கணக்குமுறையைத் தந்தவர் கனூத்தின் மாணவர் ஜான் ஹாபி. அதற்கு முன் ஆங்கில 'எஸ்' எழுத்தின் வளைவு கனூத்தையே திணறடித்திருந்தது. அந்த ஓர் எழுத்தைப் பற்றி மட்டும் 1980-ல் ஒரு கட்டுரை எழுதினார். தமிழும் இந்தப் பட்டறைக்குள் நுழைந்தது: அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ரிட்ஜ்வே மெட்டாஃபாண்டில் ஒரு தமிழ் எழுத்துருவை உருவாக்கினார்.

எழுத்து வேடமிட்ட கோடுகள்

டெக்கின் மேல் லாடெக்கை அமைத்த லெஸ்லி லாம்போர்ட், சாய்கோட்டுக்கு ஒரு தந்திரம் செய்தார். சாய்கோட்டின் சிறு துண்டுகளையே எழுத்துகளாகக் கொண்ட எழுத்துருக்களைப் பயன்படுத்தினார். கோடு என்பது அந்த எழுத்துகளை வரிசையாக அடுக்கிய ஒரு 'சொல்' ஆயிற்று. டெக்குக்குத் தான் படம் வரைகிறோம் என்பதே தெரியாது. ஆனால் எழுத்துருவில் இருக்கும் சாய்வுகள் மட்டுமே கிடைக்கும். சாய்வைக் குறிக்கும் இரு எண்களும் −6 முதல் 6 வரையிலான முழு எண்களாக இருக்க வேண்டும். அம்புக்குறி என்றால் 4-ஐத் தாண்டக் கூடாது. வட்டத்தின் விட்டம் 40 புள்ளியளவு, அதாவது சுமார் 14 மில்லிமீட்டர் வரைதான். சமபக்க முக்கோணம்கூடச் சரியாக வராது. அதன் பக்கச் சாய்வு மூன்றின் வர்க்கமூலம், முழு எண்களின் விகிதம் அன்று.

சிகாகோ பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் மைக்கேல் விச்சுரா 1980-களின் நடுவில் எழுதிய பிக்டெக் வேறு வழியில் போனது. வளைகோட்டின் மேல் நெருக்கமாகப் புள்ளிகளை வைத்துக்கொண்டே போவது, கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல. எந்த வளைவும் வரும். ஆனால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெட்டி. அன்றைய கணினிகளில் டெக்குக்குக் கிடைத்த நினைவகம் சில வரைபடங்களிலேயே தீர்ந்துபோகும்.

பின்வாசல்

இத்தனைக்கும் கனூத் ஒரு பின்வாசலைத் திறந்தே வைத்திருந்தார். 'ஸ்பெஷல்' என்ற கட்டளைக்குள் எதை எழுதினாலும் டெக் அதைப் படிக்காமல், அச்சுப்பொறிக்குப் போகும் கோப்பில் அப்படியே வைத்துவிடும். 1984-ல் அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் வந்ததும் இந்த வாசலுக்கு மதிப்பு கூடியது. போஸ்ட்ஸ்கிரிப்ட் ஒரு முழு நிரல்மொழி. சாய்கோடு, வளைவு, நிறம் எல்லாம் அதற்குத் தண்ணீர் பட்டபாடு. பொருளியலாளர் திமோதி வான் சாண்ட் 1990-களின் தொடக்கத்தில் எழுதிய பிஎஸ்ட்ரிக்ஸ், டெக் கட்டளைகளைப் போஸ்ட்ஸ்கிரிப்டாக மாற்றி அந்த வாசல் வழியே அனுப்பியது. வசதி பெரிது, ஆனால் அது ஒருவழிப் பாதை. அச்சுப்பொறி கணக்கிட்ட விடை டெக்குக்குத் திரும்பி வராது.

ஏறத்தாழ இதே காலத்தில் ஜான் ஹாபி, பெல் ஆய்வகத்தில் இருந்தபடி, மெட்டாஃபாண்டின் மொழியை எழுத்துருப் பட்டறையிலிருந்து வெளியே கொண்டுவந்தார். மெட்டாபோஸ்ட் என்ற அவருடைய நிரல் எழுத்துக்குப் பதிலாகப் போஸ்ட்ஸ்கிரிப்ட் படங்களைத் தந்தது. 'வாட்எவர்' உட்பட எல்லாம் அதில் உண்டு. சிந்தனையின் அழகில் அதற்கு இணையான வரைமொழி பிறகும் வரவில்லை என்பது என் கருத்து. ஆயினும் பெருவாரியான மாணவர்கள் அதைக் கற்கவில்லை. அது தனிக் கோப்பு, தனி நிரல், தனி இலக்கணம். முதலில் சொன்ன ஒரே கோப்பு என்ற விருப்பம் அதில் நிறைவேறவில்லை.

பிடிஎஃப் வந்த பிறகு

ஹான் தே தான் என்ற வியட்நாமிய மாணவர் செக் நாட்டின் மசாரிக் பல்கலைக்கழகத்தில் பிடிஎஃப்டெக்கை உருவாக்கி, டெக்கிலிருந்து நேராகப் பிடிஎஃப் கோப்பு வரச் செய்தார். பிடிஎஃப் பார்வைக்குப் போஸ்ட்ஸ்கிரிப்டின் உறவு. ஆனால் கணக்குப் போடும் திறன் அதற்குக் கிடையாது. அதனால் பிஎஸ்ட்ரிக்ஸ் படங்கள் பிடிஎஃப்டெக்கில் நேரடியாக வேலை செய்யவில்லை. தம் முனைவர் பட்ட ஆய்வேட்டின் படங்களைப் பிடிஎஃப்டெக்கிலேயே வரைய டில் டான்டாவ் ஒரு சிறு தொகுப்பை எழுதிக்கொண்டார். அதுவே வளர்ந்து பிஜிஎஃப் ஆனது. அதன் மேல் அமைந்த வரைமொழிதான் டிக்ஸ். 'டிக்ஸ் ஒரு வரைமென்பொருள் அன்று' என்று பொருள்படும் ஜெர்மன் தொடரின் முதலெழுத்துகளே அதன் பெயர். சுட்டியால் இழுத்து வரையலாம் என்று வருபவருக்கு முன்கூட்டியே ஓர் எச்சரிக்கை.

டிக்ஸ் பரவியதில் அதன் கையேட்டுக்கும் பெரும்பங்கு உண்டு. அது கட்டளைப் பட்டியலோடு தொடங்கவில்லை. கார்ல் என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களுக்கான பயிற்சித் தாளில் சைன், கொசைன் படம் வரைய முயல்வதோடு தொடங்குகிறது. இன்னொரு பாடத்தில் யூக்ளிட்டின் முதல் தேற்றம்: ஒரு கோட்டுத்துண்டின் இரு முனைகளையும் மையமாக வைத்து, அதன் நீளத்தையே ஆரமாகக் கொண்டு இரு வட்டங்கள், அவை வெட்டும் இடம் சமபக்க முக்கோணத்தின் மூன்றாம் முனை. அந்த முனைக்கு ஆள்கூறு தேட வேண்டியதில்லை, 'இவ்விரண்டு வட்டங்களும் வெட்டும் புள்ளி' என்று எழுதினால் போதும். லாம்போர்ட்டின் எழுத்துருத் துண்டுகளுக்கு எட்டாத அதே முக்கோணம் இங்கே சில வரிகளில் வருகிறது. இன்று அந்தக் கையேடு 1000 பக்கங்களுக்கு மேல். பெரும்பாலோர் அதைப் படிப்பதில்லை. யாரோ வரைந்த படத்தின் நிரலை எடுத்து எண்களை மாற்றிப் பார்த்துக் கற்கிறார்கள். கற்க அது மோசமான வழியும் அன்று.

ஒரு பழைய கணக்கு மட்டும் தீரவில்லை. டிக்ஸ் தன் எண்களை டெக்கின் நீள அளவுகளாகவே வைத்துக் கணக்கிடுகிறது. டெக் அறிந்த மிகப் பெரிய நீளம் 16384 புள்ளியளவுக்குச் சற்றுக் குறைவு, ஏறத்தாழ 5.76 மீட்டர். புத்தகப் பக்கத்துக்கு அது தாராளம், கணக்குக்குப் போதாது. 25-இன் கனம் 15625, அது கிடைக்கும். 26-இன் கனம் 17576 என்பதால், அளவு மிகப் பெரிது என்ற பிழைச்செய்தி வந்து நிரல் நின்றுவிடும். படத்தில் இருப்பதோ நான்கு விரற்கடை அகலமுள்ள ஒரு வளைகோடு. கிறிஸ்டியன் ஃபாயர்சேங்கர் எழுதிய பிஜிஎஃப்பிளாட்ஸ் தனி எண்கணிதத்தை டெக்குக்குள்ளேயே கட்டி இதைச் சமாளிக்கிறது.

லூவாடெக் என்ற பிந்தைய வடிவம் வேறு வகையில் இதைத் தீர்த்தது. லூவா நிரல்மொழியோடு மெட்டாபோஸ்டையும் அது தனக்குள் சேர்த்துக்கொண்டது. டாகோ ஹூக்வாட்டரும் துணைநின்றோரும் மெட்டாபோஸ்டை அதற்கேற்ற நூலகமாக மாற்றித் தந்தார்கள். கனூத் தனித்தனியே வைத்த இரண்டு மொழிகளும் இப்போது ஒரே நிரலுக்குள் இருக்கின்றன. ஒரு மாணவர் தம் பாடக்குறிப்பின் நடுவே, இரு பத்திகளுக்கு இடையில், 'வாட்எவர்' என்று எழுதி மூலைவிட்டங்கள் வெட்டும் புள்ளியைக் கேட்கலாம்.