நீர்வழி வடிகாலான வரலாறு: தாராவியும் மாகிம் கழியும்

தாராவியின் காலாகில்லா பேருந்துப் பணிமனையை ஒட்டிக் கருங்கல் கோட்டை ஒன்று சிதைந்து நிற்கிறது. பம்பாய் ஆளுநர் ஜான் ஹோர்னின் ஆணைப்படி 1737இல் கட்டப்பட்டதென அதன் கல்வெட்டு கூறுகிறது. நெரிசல்மிக்க குடியிருப்புகளுக்கு நடுவே கோட்டை எதற்கு என்ற வினாவுக்கு விடை, அன்று அதனருகே ஓடிய நீரில் இருக்கிறது.

பம்பாய்த் தீவுகளையும் வடக்கேயுள்ள சால்செட்டையும் பிரித்தது மாகிம் கழி. தெற்குக் கரை ஆங்கிலேயருடையது. வடக்குக் கரை போர்த்துகீசியருடையது. கழிமுகத்தைக் கண்காணிக்க அவர்கள் 1640இல் பாந்திராவில் கோட்டை எழுப்பியிருந்தனர். தாராவிக் கோட்டை எழுந்த இரண்டே ஆண்டுகளில், 1739க்குள், சால்செட் மராத்தியர் வசமானது. ஆக, கோலி மீனவரின் தோணிகள் சென்ற இக்கழி, அரசுகளின் எல்லையாகவும் இருந்தது.

1774இல் ஆங்கிலேயர் சால்செட்டைக் கைப்பற்றியதும் எல்லை மறைந்தது. கழி, கடக்கவேண்டிய தடையாக மட்டும் எஞ்சியது. ஆளுநர் ஜோனதன் டங்கன் காலத்தில் சயான் தரைப்பாலம் அமைந்தது. மாகிம் பாலத்துக்கு அரசு பணம் தர மறுக்கவே, ஆவாபாய் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் ரூ. 1,57,000 வழங்கினார், சுங்கம் வசூலிக்கக் கூடாது என்பது அவரது நிபந்தனை. 1845இல் அப்பாலம் திறக்கப்பட்டது. 1853இல் தாணேவுக்கு இரயில் ஓடியது. போக்குவரத்து நீரிலிருந்து நிலத்துக்கு மாறியது.

நீரோட்டம் தடைப்பட்ட கரைகளில் சேறு படிந்து சதுப்பு விரிந்தது. நகரம் தன்னுள் வைத்துக்கொள்ள விரும்பாத தொழில்கள் அங்கே ஒதுக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர் தோல் பதனிட்டது இவ்விளிம்பில்தான். சதுப்பைத் தூர்த்துக் குடியிருக்கத்தக்க நிலமாக்கியது பெரும்பாலும் அவர்களது உழைப்பே.

1970களின் பிற்பகுதியிலிருந்து எதிர்க்கரைச் சதுப்பின்மீது பாந்திரா–குர்லா வணிக வளாகம் எழுந்தது. அதைத் திட்டமிட்ட வளர்ச்சி என்றனர். தாராவியை ஆக்கிரமிப்பு என்றனர். விமான நிலையத்துக்காக மித்தி ஆற்றின் போக்கே திருப்பப்பட்டது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் 944 மி.மீ. மழை கொட்டியபோது, வடிய வழியின்றி வெள்ளம் நகருக்குள் புகுந்தது.

பழி மட்டும் கரையோரக் குடிசைகள்மீது எளிதாக விழுந்தது. கழியை நெருக்கியவற்றைக் காலவரிசையில் அடுக்கினால் தரைப்பாலமும் இருப்புப்பாதையும் முதலில் வருகின்றன. குடிசை வெகு பின்னரே வருகிறது. தாராவியின் நிலவுரிமை குறித்த இன்றைய விவாதம் அந்த வரிசையிலிருந்தே தொடங்கவேண்டும்.