கறுத்த வெள்ளியும் உருகிய வெள்ளியும்

திருவிழாவோ திருமணமோ நெருங்கும்போதுதான் பெட்டிக்குள் உறங்கும் வெள்ளி நம் நினைவுக்கு வருகிறது. முன்னோர் விட்டுச்சென்ற செபமாலை, சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு ஆகியவற்றைத் துணியவிழ்த்து நோக்கினால் யாவும் கறுத்துக் கிடக்கின்றன. இதனைத் துரு என்பாரும் உளர். ஆயின் இது துருவன்று. காற்றில் மிகச் சிறிதளவே கலந்துள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியின் மேற்பரப்போடு கூடி உண்டாக்கும் கரும்படலமே இது.

இதனைப் பழங்காலத்தாரும் கண்டிருந்தனர். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலைச் சீற்றத்தின்போது உயிர்நீத்த உரோமை அறிஞர் பிளினி, வெந்த முட்டையின் மஞ்சள் கரு வெள்ளியைக் கறுக்கச் செய்யும் என்றும், காடியும் சுண்ணக்கட்டியும் கொண்டு தேய்த்தால் அக்கறை நீங்கும் என்றும் தம் 'இயற்கை வரலாறு' நூலில் குறித்துள்ளார். நம் இல்லங்களில் புளியும் சாம்பலும் பற்பொடியும் செய்துவரும் வேலையும் ஏறத்தாழ இதுவே.

ஆனால் தேய்ப்பதில் ஓர் இழப்பு உண்டு. கரும்படலத்தினுள் வெள்ளியும் அடங்கியிருக்கிறது. அதைத் தேய்த்து அகற்றுந்தோறும் வெள்ளியும் சிறிது தேய்கிறது. தலைமுறைகள் கடக்கையில் செதுக்கிய பெயரும் சிலுவையடையாளமும் மழுங்கிவிடுகின்றன. முலாம் பூசிய பொருளாயின் அடியிலுள்ள உலோகமே வெளிப்பட்டுவிடும்.

1886இல் ஹால், எரூ என்னும் இருவர் தனித்தனியே அலுமினியத்தை எளிதிற் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டனர். அவ்வுலோகம் மலிவான பின்னர் வேறொரு வழியும் பிறந்தது. பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொதிநீரில் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றி, வெள்ளி அத்தாளைத் தொடுமாறு வைத்தால், சிறிது நேரத்தில் கந்தகம் வெள்ளியை விட்டுப் பிரிகிறது; கறுத்த வெள்ளி மீண்டும் வெள்ளியாகிறது. கல் பதித்தவையும், பசையால் ஒட்டியவையும், அழகுக்காகவே கருமையூட்டியவையும் இம்முறைக்கு ஆகா.

வீட்டு வெள்ளியைப் பேணுவது நற்செயலே. எனினும் திருச்சபையின் வரலாறு வெள்ளியைப் பற்றி இன்னொன்றையும் நமக்குச் சொல்கிறது. 421-422இல் உரோமையருக்கும் பாரசீகருக்கும் போர் மூண்டது. உரோமைப் படையினர் சிறைப்பிடித்த ஏறத்தாழ 7,000 பாரசீகர் பசியால் மடிந்துகொண்டிருந்தனர். அதைக் கண்ட அமிதா நகரின் ஆயர் அக்காசியுசு தம் குருக்களை அழைத்தார். உண்ணுதலும் பருகுதலும் இல்லாத இறைவனுக்குத் தட்டும் கிண்ணமும் தேவையில்லை என்று எடுத்துரைத்தார். ஆலயத்தின் பொன், வெள்ளிக் கலங்களை உருக்கச் செய்து, அப்பணத்தால் கைதிகளை மீட்டு, உணவளித்து, வழிச்செலவும் தந்து அவர்தம் மன்னரிடமே அனுப்பிவைத்தார். மீட்கப்பட்டோர் கிறிஸ்தவர் அல்லர், பகை நாட்டவர். வரலாற்றாசிரியர் சோக்ரதேசு இதனைப் பதிவுசெய்துள்ளார். மிலான் ஆயர் புனித அம்புரோசும் போர்க்கைதிகளை மீட்கத் திருக்கலங்களை உருக்கி, அதற்காக எழுந்த பழிச்சொல்லையும் ஏற்றார்.

செல்வர்தம் பொன்னிலும் வெள்ளியிலும் படிந்த கறை அவர்களுக்கு எதிராகச் சான்று பகரும் என யாக்கோபு திருமுகத்தின் 5ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. அன்றாடம் கையாளும் வெள்ளி எளிதில் கறுப்பதில்லை. நெடுநாள் பூட்டிக் கிடப்பதே கறுக்கிறது. ஆதலின் அடுத்த திருவிழாவுக்கு நம் வெள்ளியைத் துலக்க அமரும்போது, அதில் நமக்குத் தேவையானது எவ்வளவு, பிறர் துயர் தீர்க்கக் காத்திருப்பது எவ்வளவு என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்போமாக.